பாடிக்கொண்டிருந்த மூன்று நாட்கள்

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நாளை மாலை ஐந்தரைக்கு அந்த நாட்டில் நள்ளிரவு. அங்கே தேதி மாறியதும் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அங்கே குடியேற வயதுக்கு என்று கொடுக்கும் பாயிண்டில் ஐந்து குறைந்துவிடும். இப்போது அவளிடம் எண்பத்தைந்து இருந்தது. அவர்கள் கேட்பதும் எண்பத்தைந்து. நாளை ஐந்தரைக்குள் விண்ணப்பத்தை அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"இங்க பொறந்தவளுக்கு அங்க ஆறரை மணி நேரம் முன்னாடியே வயசாகுது பாரேன்," என்றாள் சாயக்காரி. "போறதுக்கு முன்னாடியே நஷ்டம்."

சாயக்காரி என்பது பட்டப்பெயர். ஆஸ்பத்திரி லேபில் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனிகளில் நீலம் போகாது. வாய் அதைவிட மோசம், போட்ட சாயம் போகவே போகாது என்று லேபில் சொல்வார்கள்.

"என்னதான் முடிவு பண்ணியிருக்கே? என்கிட்ட மட்டும் சொல்லு. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"நீயா?"

"சரி, ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லுவேன். அதுக்காக?"

முப்பத்து மூன்றாகப் போகிறவள் சிரித்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டாள்.

அவளை லேபில் 'ரெண்டாவது' என்று கூப்பிட்டார்கள். அது பட்டப்பெயரா பதவியா என்று அவளுக்கே மறந்துவிட்டது. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த செல்களை ஸ்லைடில் தடவி அனுப்புவார்கள். அதில் புற்றுநோயின் சாயல் தெரிகிறதா என்று முதலில் ஒருவர் பார்ப்பார். சந்தேகமான இடத்தில் பேனாவால் ஒரு மைப்பொட்டு வைப்பார். அதற்குப் பிறகு அந்தப் பொட்டுகளையெல்லாம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஸ்லைடை இரண்டாவது ஆளிடம் கொடுப்பார்கள். முதல் ஆள் என்ன சொன்னார் என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் அங்கேயே போகும். மனசும் அதையே சொல்லும்.

முன்பெல்லாம் அந்த முதல் ஆள் அவள் கணவன்தான். கணவனாவதற்கு முன்பு. அவளும் அவனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதற்கு முன்பே ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளில் ஒத்துப்போயிருந்தார்கள். "இதுக்கு மேல என்ன பொருத்தம் பார்க்கணும்?" என்று சாயக்காரிதான் பேச்சை ஆரம்பித்துவைத்தாள். கல்யாணம் ஆன வாரமே தலைமை டாக்டரம்மா அவனை ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். "புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே ஸ்லைடைப் பார்த்தா வீட்ல பேசிக்குவீங்க."

அவர்கள் வீட்டில் எதையுமே பேசிக்கொள்வதில்லை என்று டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?

நான்கு மாதம் முன்பு, ரத்தப் பிரிவிலிருந்து ஒருவர் அந்த நாட்டுக்குப் போனார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அவன்தான் கேட்டான்: "நாமளும் பார்க்கலாமா?" அவள் வாயைத் திறப்பதற்குள் ஈரக் கையை நீட்டித் தடுத்தான்.

"இப்ப சொல்லாத. நான் போகலாம்னா நீ தலையாட்டுவ. வேண்டாம்னாலும் தலையாட்டுவ. உன்னைத் தெரியும் எனக்கு. நம்ம லேப் மாதிரியே பண்ணுவோம். பேப்பர் எல்லாம் ரெடி பண்ணி வைப்போம். நீ தனியா பாரு, நான் தனியா பார்க்கறேன். கடைசி நாள்ல சேர்ந்து சொல்வோம். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது."

அவளுக்கு அது பிடித்திருந்தது. அவள் சொல்லப்போவதை ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டுக் காத்து வைப்பது அதுதான் முதல் தடவை.

ஆனால் வீடு லேப் இல்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலும் வீட்டில் எல்லாம் தெரிகிறது. போன வாரம் அவன் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வந்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அலமாரியின் மேல் தட்டில் வைத்தான், அவள் கண்ணில் படாமல் வைப்பவனைப் போல. அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது மறைவு. எதிர்க் கண்ணாடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவளுடைய பதில் இரண்டு வாரத்துக்கு முன்பே தயாராகிவிட்டது. வேண்டாம். காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே போனால் லைசென்ஸ் வாங்கும்வரை இரண்டு மூன்று வருடம் ஸ்லைடை அடுக்கும் வேலைதான். அதுகூடப் பரவாயில்லை. அவளுக்குப் புதிய மனிதர்களிடம் பேச வராது. இங்கிலீஷ் தேர்வில் பேச்சுக்கு அவ்வளவு மார்க் வந்ததே எதிரில் ஆள் இல்லாமல் கம்ப்யூட்டர் இருந்ததால்தான். இந்த லேபில் டாக்டரம்மாவிடம் "இல்ல டாக்டர், எனக்கு அப்படித் தோணலை" என்று சொல்ல அவளுக்கு ஐந்து வருடம் பிடித்தது. அந்த ஒரு வாக்கியத்தை இன்னொரு ஊரில், இன்னொரு பாஷையில் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். 

இதையெல்லாம் ஒரு காரணம் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

அன்று நாலு மணிக்கு ஒரு ஸ்லைடில் அவள் நின்றுவிட்டாள். ஓரத்தில் ஒரு சின்னக் கொத்து. ஐந்தாறு செல்கள், கரு பெரிதாக, ஒழுங்கில்லாமல். இரண்டு தலை மைக்ராஸ்கோப்பில் டாக்டரம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தார். லென்ஸைத் திருப்பினார். மறுபடி பார்த்தார்.

"முதல்ல பார்த்தவர் நார்மல்னு போட்டிருக்கார்."

"எனக்கு அப்படித் தோணலை டாக்டர்."

டாக்டரம்மா நிமிராமலே சொன்னார்: "எனக்கும்தான். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லு." பிறகு நிமிர்ந்தார். "நாளைக்குக் கடைசி நாளாமே. சாயக்காரி சொன்னா. என்கிட்ட யோசனை கேட்டுறாதே தாயி. நான் மூணாவது ஆள். நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாத்தான் என்கிட்ட வரணும்."

*

வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் கீழே வரவில்லை. நாலாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கதவு திறந்தால் உள்ளே அத்தை, அவள் மாமியார். கையில் பையும் இல்லை, குடையும் இல்லை.

"எங்க அத்தை போறீங்க?"

"எங்கேயும் இல்ல கண்ணு. சும்மா."

லிஃப்டில் தனியாக ஏறவே மாட்டேன் என்று மூட்டு வலியோடு படிக்கட்டில் நடக்கிற ஆள். இப்போது சும்மா ஏறி இறங்குகிறாராம். சமையலறையில் அடுப்புக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் இருந்தது. அவள் அதைப் பார்த்ததும் அத்தை அவசரமாக எடுத்துக் கொட்டினார்.

"வர வர நீங்களும் மர்மமா இருக்கீங்க," என்றாள்.

"நானா? இந்த வீட்ல வாயைத் திறக்கற ஒரே ஆள் நான்தான். உங்க ரெண்டு பேரையும் பெத்து வளர்த்ததுக்கு ரெண்டு மீன் தொட்டி வாங்கியிருக்கலாம்." அவளையும் சேர்த்துப் பெற்றதாகத்தான் அத்தை எப்போதும் கணக்கு வைப்பார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "ரெண்டு வாரம் முன்னாடி ஒரு மூணு நாள் பாட்டுப் பாடிக்கிட்டே வேலை செஞ்சியே. என்ன ஆச்சு அந்தப் பாட்டு?"

"அது சும்மா, அத்தை."

அது சும்மா இல்லை. ஆனால் அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். அதில் அவள் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத ஒரு தப்பும் இருந்தது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் அதை எப்படிச் சொல்வாள்? தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. விண்ணப்பம் முழுக்க நிரப்பியாகிவிட்டது. கடைசியில் ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் பாக்கி. அவன் எதிரில் உட்கார்ந்து திரையின் தூசியைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

மணி நாலே முக்கால்.

"சொல்லிடலாமா?" என்றான்.

"ம்."

"யாரு முதல்ல?"

"நீங்கதானே முதலாவது?"

அவன் சிரித்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "போகலாம்."

அவள் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் தலை தானாக ஆடப்பார்த்தது. அவன் சொன்னது சரிதான், இவள் தலையாட்டுகிற ஜாதி. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?" என்று கேட்டாள். லேபில் இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகாதபோது டாக்டரம்மா கேட்பது இதைத்தான். எங்கே பார்த்தாய், எதை வைத்துச் சொல்கிறாய்.

"ஏன்னா... நல்ல இடம். நல்ல சம்பளம்."

"அது எல்லாருக்கும் தெரியும். நீங்க எதைப் பார்த்தீங்க?"

 அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உன்னைத்தான் பார்த்தேன். ரெண்டு வாரம் முன்னாடி நீ உக்காந்து பாயிண்டைக் கூட்டினே. மறுநாள்லேந்து பாட்டு. மூணு நாள். துணி மடிக்கும்போது பாட்டு, பல்லு விளக்கும்போது பாட்டு. நாலாவது நாள் எண்பத்தஞ்சு இருக்குன்னு வந்து சொன்னே. கல்யாணத்துக்கு அப்புறம் உன்னை அப்படி நான் பார்த்ததே இல்ல. அவ்வளவு ஆசையை உள்ள வச்சிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. மறுநாள் போய் அந்தத் தராசை வாங்கினேன்."

அவள் அவனையே பார்த்தாள். எட்டு வருடம் மைக்ராஸ்கோப் பார்த்த ஆள். கண்ணால் பார்த்தது எல்லாம் சரி. பாட்டு உண்மை, மூன்று நாள் உண்மை. சொன்ன முடிவு மட்டும் தலைகீழ்.

"நான் கேட்டது உங்க ரீடிங்," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க சொல்றது என் ரீடிங். என் ஸ்லைடை எட்டிப் பார்த்துட்டு உங்க ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க. இது செல்லாது."

"ஏய், என்ன இது, வீட்ல கூட..."

"நான் ஒருத்தி இல்லவே இல்லைன்னு வச்சுக்கோங்க. மைப்பொட்டெல்லாம் துடைச்சாச்சு. இப்ப சொல்லுங்க."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். மேலே விசிறியைப் பார்த்தான். அவன் நிஜமாகவே பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பழைய நாட்களில் ஸ்லைடை முடித்துவிட்டுச் சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து நகர்த்தும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும்.

"போதாத மாதிரி," என்றான் கடைசியில். செல்கள் சரியாக விழாத ஸ்லைடுக்கு அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். "ஆசைன்னும் சொல்ல முடியலை, வேண்டாம்னும் சொல்ல முடியலை. ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்னு இருக்கு. அங்கேயே இருக்கணும்னு இல்ல. உண்மையா சொன்னா, உன் பாட்டு இல்லைன்னா இதை நான் இந்நேரம் மறந்தே போயிருப்பேன்."

அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிரும்போது கழுத்தில் ஒரு வலி வந்து, வந்த வேகத்திலேயே போகுமே, அதைப் போல.

"இப்ப நீ," என்றான்.

"எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. இதற்காகவா பதினைந்து நாளாகத் தொண்டையில் முள் மாட்டியவளைப் போல அலைந்தோம் என்று இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் பொத்தானைப் பார்த்தாள். பச்சையாக, சமத்தாக இருந்தது.

"வேண்டாம்னா... வேண்டாமா?"

"வேண்டாம்."

"நிச்சயமா? எனக்காகச் சொல்லலையே?"

"நீங்கதான் போகலாம்னீங்களே. உங்களுக்காகன்னா நான் ஏன் வேண்டாம்ங்கறேன்?"

அவன் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டான். தோள் இரண்டும் ஒரு விரற்கடை இறங்கின. "அப்ப நான் அந்த ஊர்ல பனியில பஸ்ஸுக்கு நிக்கவேண்டாம்?"

"வேண்டாம்."

"அப்பாடா," என்றான். உடனே வெட்கப்பட்டு, "நிக்கத் தயாராத்தான் இருந்தேன், தெரியுமா? ஜாக்கெட் விலையெல்லாம் பார்த்து வச்சிருந்தேன்," என்றான்.

"தெரியும். தராசையும் பார்த்தேன்."

"அது தெரியாம இல்ல வச்சேன்?"

"உங்களுக்குத் தெரியாம."

சமையலறையிலிருந்து 'பொக்' என்று ஒரு சத்தம். டீ கொதிப்பது நின்றுவிட்டது. "கேஸ் தீர்ந்துபோச்சு!" என்று அத்தையின் குரல். குரலில் வருத்தமே இல்லை, ஏதோ விருந்தாளி வந்துவிட்டதைப் போல இருந்தது.

அவன் எழுந்தான். அந்த வீட்டில் சிலிண்டர் மாற்றுவது அவன் வேலை.

"யாரும் கிட்ட வரக் கூடாது!" அத்தை கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்தினார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். ரெகுலேட்டரைத் திருப்பிக் கழற்றினார். காலியை உருட்டி ஓரம் தள்ளினார். நிறைந்ததைச் சாய்த்துச் சாய்த்து நகர்த்திக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றி, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று சுண்டுவிரலால் தடவிப் பார்த்து, ரெகுலேட்டரை வைத்து அழுத்தினார். 'டக்'. கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து மேலே ஊற்றிக் குனிந்து பார்த்தார்.

"குமிழி வருதா? வரலை. லீக் இல்ல." நிமிர்ந்து இருவரையும் பார்த்தார், பரிசுக் கோப்பையை எதிர்பார்க்கும் முகத்தோடு.

அவனுக்கு வாய் மூடவில்லை. "எப்பம்மா கத்துக்கிட்டே?"

"பத்து நாளா. கீழ் வீட்டு அம்மாதான் சொல்லிக்கொடுத்தா. அவங்க வீட்டுச் சிலிண்டரை நாலு தடவை கழட்டி மாட்டினேன், பாவம், அவங்க சோறு வேகறதுக்கு மத்தியானம் ஆயிடுச்சு. லிஃப்டும் இப்ப பயமில்ல. நீங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டா எனக்கு இதெல்லாம் யார் செய்வா? அம்மா தனியா என்ன பண்ணுவாளோன்னு நீங்க கால் இழுத்துக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல."

 அவள்தான் முதலில் பேசினாள். இன்று அவளுக்கு எல்லாவற்றுக்கும் வாய் வருகிறது.

"நாங்க போகலை அத்தை."

"எங்கே?"

"எங்கேயும்."

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "போகலையா," என்றார். கண் கலங்கியது. ஆனால் கலங்கியதைக் காட்டிக்கொள்வது அந்த வீட்டு வழக்கமில்லை. "அடப் பாவிங்களா! இதைப் பத்து நாள் முன்னாடி சொல்லக் கூடாதா? என் முட்டி என்ன பாடுபட்டுது தெரியுமா? அந்தச் சிலிண்டர் என்ன கனம் கனக்குது!"

"கத்துக்கிட்டது நல்லதுதானேம்மா," என்றான். "இனிமே நீயே மாத்திடு."

"மாத்தறேன், மாத்தறேன். நீ உக்காந்து டீ குடி." அடுப்பைப் பற்றவைத்தார். நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. "அந்தத் தராசை எனக்குக் குடுத்துடு. காய்கறிக்காரர் எடையில எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

"உனக்கும் தெரியுமா அது?"

"அலமாரியைத் தினம் துடைக்கறது யாரு?"

மூன்று பேரும் சமையலறையிலேயே நின்றுகொண்டு டீ குடித்தார்கள். ஆறிப்போய் மறுபடி கொதித்த டீ, கொஞ்சம் கசந்தது. ஆனாலும் அவன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டான். ஜாக்கெட் வாங்காமல் மிச்சமானதில் எங்கேயாவது நாலு நாள் போய்வரலாமா, போய்விட்டுத் திரும்பி வரும்படியான இடமாக, என்று கேட்டான். லிஃப்ட் இருக்கிற ஓட்டலாகப் பார் என்றார் அத்தை.

மேஜைக்குத் திரும்பியபோது திரை இருண்டு தூங்கியிருந்தது. அவன் ஒரு விசையைத் தட்டினான். மணி ஐந்து நாற்பது. பச்சைப் பொத்தான் அப்படியேதான் இருந்தது, ஆனால் இனி அது வெறும் பச்சை. அவன் மெல்ல மூடியைச் சாத்தினான். பிறகு அவளைப் பார்த்து, "பிறந்தநாள் வாழ்த்து," என்றான். "அங்கே."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது. தன்னை அறியாமல், வார்த்தை இல்லாத ஒரு மெட்டு உதட்டில் வந்து உட்கார்ந்தது. கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா. இதே பாட்டுத்தானே அன்னிக்கும்?"

மெட்டு நின்றது.

"போகவே வேண்டாம்னா, அப்ப எதுக்கடி கண்ணு அந்த மூணு நாள் அப்படிப் பாடினே? அதைக் கேட்டுட்டுத்தானே நான் சிலிண்டரைத் தூக்கினேன்!"

அவன் கதவருகில் வந்து நின்றான். "அதானே. நானும் அதைத்தானே பார்த்தேன். அது என்ன?"

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது. குழாயைத் திறந்தாள். உடனே மூடினாள்.

"சந்தேகம் வந்தா குறைச்சுத்தான் போடணும்," என்று ஆரம்பித்தாள். "நம்ம லேப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆறு மாசம் ட்ரெய்னிங்ல இருந்தேனே, அதை அனுபவத்துல சேர்க்கலாமா கூடாதான்னு சரியாத் தெரியலை. அதனால விட்டுட்டுக் கூட்டினேன். எட்டு வருஷம் இருந்தாத்தான் முழு பாயிண்ட். அதுல கொஞ்சம் குறைஞ்சிடுச்சு, அஞ்சு பாயிண்ட் போயிடுச்சு. நாலாவது நாள்தான் சம்பளம் வாங்கின ட்ரெய்னிங்கும் கணக்குல வரும்னு படிச்சேன்."

"அதனால?"

"நான் தப்பாக் கூட்டியிருந்தேன்," என்றாள். கப்பைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் நேராகப் பார்த்தாள். "அந்த மூணு நாளும் எண்பதுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போகவே முடியாதுன்னு."